முப்பத்தொன்றாம் நம்பர் வில்லை

அத்தியாயம் 6

சந்தவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஹனீஃபாவுக்குத் தன் இடுப்பு மட்டும் கடைசி சீட்டிலேயே தங்கிவிட்டது போலிருந்தது.

"சார், நாம தேடி வந்தது கொலைகாரனையா, எலும்பு வைத்தியரையா? ரெண்டாவது ஆளை முதல்ல பார்த்துடலாமே."

"பாத்திரக்கடைக்காரனை," என்றார் பஞ்சாட்சரம். சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேலூரில் பஸ் ஏறியதிலிருந்து இதே வேலைதான்.

பைக்குள் இருந்தது ஒரு பித்தளை வில்லை. ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் ஒரு துளை, நடுவில் 31 என்று வெட்டிய எண். அதை வைத்து ஓர் ஆளைத் தூக்கு மேடையிலிருந்து இறக்கிவிடலாம் என்று பஞ்சாட்சரம் நம்பினார். ஹனீஃபாவும் நம்பினான். நம்பாதவன் மாதிரி பேசுவது அவன் சம்பளத்தில் சேர்த்தி.

பஞ்சாட்சரம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடிக்கிற வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு வேலூரில் ஒரு கடிகாரக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தி வந்தார். ஹனீஃபா வாணியம்பாடிக்காரன். தோல் மண்டியில் இருந்த நல்ல வேலையை, முதலாளியின் டோப்பா முடியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசித் தொலைத்தவன். இருவரும் சேர்ந்து கெட்டுப் போகாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் பஞ்சாட்சரத்தின் மூக்குப்பொடியை நிறுத்தினார். பொடி நின்றது, கை சும்மா இருக்கவில்லை. பழைய காசு சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டைக் காலணா, ஆற்காட்டு நவாபு செப்புக் காசு என்று கற்றுக்குட்டிக்கே உரிய வெறியோடு வாங்கிக் குவித்தார். அப்படித்தான் சந்தவாசல் பாத்திரக்கடை ஒன்றின் சில்லறை டப்பாவிலிருந்து இந்த வில்லையும் வந்தது. ராஜா தலை இல்லை, வருஷம் இல்லை, எந்த நாடு என்றும் இல்லை. தூக்கிப் போட இருந்தவர், வாணியம்பாடியில் பெரிய சேகரிப்பு வைத்திருக்கும் முக்தார் அகமது சாயபுவிடம் காட்டினார். "இது காசு இல்லீங்க, டோக்கன். இதுக்குன்னே சேக்கறவங்க இருக்காங்க," என்றார் சாயபு. பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டு, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார். பணக்காரர்களுக்கு அடுத்தவன் சாமான் பளபளத்தால் பிடிக்காது என்று ஹனீஃபா அதற்கு அர்த்தம் சொன்னான்.

அன்றைக்குப் பிடித்தது டோக்கன் பைத்தியம். காசைப் பார்த்தால் எந்த ஊர், எந்த ராஜா என்று அதுவே சொல்லிவிடுகிறது, வில்லையோ வாயே திறப்பதில்லை, நாம்தான் ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டும் என்பதில் பஞ்சாட்சரத்துக்கு அப்படி ஒரு குஷி. ஜட்கா வண்டி வில்லை, சைக்கிள் ஸ்டாண்டு வில்லை, தோல் பதனிடும் ஷாப்பு கேட் வில்லை எல்லாம் மேஜை டிராயருக்குள் வந்து சேர்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்கிய டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவர் அவர்.

சிரிப்பு அதோடு நின்றது. 31 எந்த ஊர் வில்லை என்று விசாரித்தபோது, ஜவ்வாது மலைமேல் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மூங்கில் வெட்டும் ஒரு கூப்புக்காரர்களுடையது என்று தெரிந்தது. பஞ்சாட்சரத்துக்கு உடனே பேப்பரில் படித்த ஒரு கொலை வழக்கு ஞாபகம் வந்தது.

வீரன் என்பவன் அந்தக் கூப்பில் மூங்கில் வெட்டும் கூலி. போன வருஷம் பக்கத்து ஓடையில் காட்டிலாகா வாட்சர் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். அருகே கிடந்த கோடாலியில் 31 என்று எண். அது வீரன் கையாளும் கோடாலி. முந்தின நாள்தான் வாட்சருக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. கீழ்க்கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. வருகிற புதன்கிழமை ஹைகோர்ட்டில் விசாரணை.

"சாயந்திரமே கோடாலிய ஸ்டோர்ல குட்த்துட்டு, வில்லைய வாங்கிகினு வூட்டுக்குப் போய்ட்டேன்" என்று வீரன் கோர்ட்டில் தலையால் அடித்துக்கொண்டான். கூப்பின் வழக்கம் அதுதான். காலையில் ஆள் தன் வில்லையைப் பலகையில் தன் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டுக் கோடாலியை எடுத்துப் போக வேண்டும். மாலையில் கோடாலியைக் கொடுத்தால்தான் வில்லை திரும்பக் கிடைக்கும். ஆனால் ஸ்டோர்கீப்பர் துரைக்கண்ணு, 31-ஆம் நம்பர் வில்லை ராத்திரி முழுக்க ஆணியிலேயே தொங்கியது என்று சாட்சி சொல்லி, அந்த வில்லையையும் கோர்ட்டில் எடுத்து வைத்துவிட்டார். "நீ வாங்கிப் போன வில்லை எங்கே?" என்று வீரனைக் கேட்டார்கள். பெண்டாட்டியிடம் கொடுத்தேன் என்றான். அவளால் காட்ட முடியவில்லை.

"கோயில் செருப்பு மாதிரிதான்யா," என்று பஞ்சாட்சரம் ஹனீஃபாவுக்கு விளக்கினார். "டோக்கன் என் கையில இருந்தா செருப்பு எங்க இருக்கும்?"

"கோயில்ல. இல்லன்னா வேற எவனாவது கால்ல."

"அதேதான். வில்லை வீரன் வீட்டுல இருந்தா கோடாலி ஸ்டோர்ல இருந்திருக்கு. அப்புறம் அது ஓடைக்குப் போச்சுன்னா, ஸ்டோர் சாவி வச்சிருக்கறவன் கையாலதான் போகணும்."

வீரனின் வக்கீல் அருணகிரி இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இந்த வில்லை வீரன் வீட்டிலிருந்துதான் வந்தது, அதுவும் அந்த வருஷத்து வில்லைதான் என்று காட்டிவிட்டால் ஹைகோர்ட்டில் வழக்கையே புரட்டிப் போட்டுவிடலாம் என்றார். அதற்குத்தான் இந்தப் பயணம்.

பாத்திரக்கடைக்காரருக்குப் பெயர் சேட்டு. பெயர்தான் சேட்டு, வட்டிக்கடை எதுவும் கிடையாது. பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புது எவர்சில்வர் கொடுப்பது தொழில். மலைக்காரர்களின் பித்தளையெல்லாம் அவர் கடை வழியாகத்தான் உருக்குப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார், மறுபடியும் சில்லறை டப்பாவா?"

"இந்த வில்லை உங்களுக்கு எப்படி வந்தது?"

சேட்டு அதைப் பார்த்தார். "அட, நம்ம டப்பாவுல கெடந்ததா இது? ஷோக்கா ஆக்கிட்டீங்களே! ஒரு சொம்புக்குள்ள துணி சுத்தி இருந்துச்சு சார். எவர்சில்வர் டம்ளருக்கு மாத்திகினு போனாங்கோ."

"சொம்பு எங்கே?"

"உருக்கறதுக்குப் போற மூட்டையில கீது. ஈயப்பத்து வச்ச ஓட்டைச் சொம்பு, யார் வாங்குவா?"

"நான் வாங்குவேன்," என்றார் பஞ்சாட்சரம்.

மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். குடம், குத்துவிளக்குத் தண்டு, கூஜா மூடி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அடியிலிருந்து அந்தச் சொம்பு வந்தது. ஹனீஃபா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பாஞ்சாலை.

"வீரன் பொண்டாட்டி பேரு!" என்று ஹனீஃபா கத்தியே விட்டான். உடனே சுதாரித்துக்கொண்டான். "நம்ம ஆளுங்க பொண்டாட்டி பேரை வாயால சொல்ல வெட்கப்படுவானுங்க சார். சொம்புல மட்டும் காசு குடுத்து வெட்டி வைப்பானுங்க. அந்த வெட்கம் வாழ்க!"

மாற்றிக்கொண்டு போனது வீரனின் அக்காள் செல்லியம்மாள் என்று சேட்டுவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டதற்கு, கடை சாத்துற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள் என்றார். பஞ்சாட்சரம் சொம்பைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு ஹனீஃபா சொன்ன ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஹனீஃபா பார்த்ததில்லை.

பாஞ்சாலை வீட்டு முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சொம்பைப் பார்த்ததும் முறம் கையிலிருந்து நழுவியது.

"எங்க வூட்டுது சார்! எங்க கெடச்சுது? உள்ள இருந்தது?"

பஞ்சாட்சரம் வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் ஒரு கணம் விழித்தாள்.

"எங்குளுது இவ்ளோ பளபளன்னு இருக்காதே சார்." எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். "நம்பரு இதான். அவுரு அரைஞாண்ல கட்டிகினு வருவாரே, இதான்."

"சார் காசு சேக்கறவரு. கைக்கு வந்ததைக் குளிப்பாட்டாம விடமாட்டாரு," என்றான் ஹனீஃபா.

நடந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்றைக்கு விடியற்காலையில் போலீஸ் வந்தபோது, வீரன் அரைஞாணிலிருந்து வில்லையை அவிழ்த்து, கூப்பில் கேட்டால் கொடு என்று அவளிடம் தந்துவிட்டுப் போனான். மாலையில் துரைக்கண்ணுவின் ஆட்கள் வந்து, கூப்புக் கேம்ப் சாமான் இருக்கிறதா என்று குடிசையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார்கள். அவள் பயந்துபோய், இடுப்பில் சொருகியிருந்த வில்லையை வாய் திறந்து சொல்லவில்லை. அவர்கள் போனபின் துணியில் சுற்றிச் சொம்புக்குள் போட்டுப் பரணில் வைத்தாள். பிறகு ஜெயிலில் அவனைப் பார்க்க அவள் வேலூர் போயிருந்தபோது, நாத்தனார் செல்லியம்மாள் ஓட்டைச் சொம்புதானே என்று எடுத்துப்போய் டம்ளராக மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வரில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"கோர்ட்டுல வில்லை எங்கன்னு கேட்டாங்கோ. சொம்பே இல்லன்னேன். சிரிச்சாங்கோ சார்," என்றாள் பாஞ்சாலை.

பஞ்சாட்சரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "ஹனீஃபா, யோசிச்சுப் பாரு. கோடாலி காலையிலேயே பிணத்துக்குப் பக்கத்துல கிடைச்சிடுச்சு. சாயந்திரம் எந்தக் கேம்ப் சாமானைத் தேடி வந்தானுங்க?"

ஹனீஃபா யோசித்தான். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. "வில்லையை! அது இங்க இருக்குன்னு துரைக்கண்ணுக்குத் தெரியும். அப்போ ஆணியில தொங்கினது அவரே அடிச்ச டூப்ளிகேட்."

"வாட்சர் எதையோ பார்த்திருக்காரு. மூங்கில் லாரியில மூங்கில் மட்டும் போகலைன்னு வச்சுக்கோ." பஞ்சாட்சரம் எழுந்தார். "பாஞ்சாலை, கவலைப்படாதீங்க. வில்லை உங்க வீட்டுது, அதுக்கு இந்தச் சொம்பு சாட்சி. இனிமே பாக்கி ஒரே ஒரு வேலைதான்."

"அவுரு வந்துருவாரா சார்?"

துப்பறிகிறவன் சொல்லக் கூடாத வார்த்தையைப் பஞ்சாட்சரம் சொன்னார். "வந்துடுவாரு."

அவள் அழவில்லை. கூட வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். கூப்புக்குள் அவள் வரக் கூடாது, பஸ் நிற்கிற இடத்தில் காத்திருக்கட்டும் என்று சொல்லி இருவரும் நடந்தார்கள்.

வழியில் ஹனீஃபா கேட்டான். "சார், வில்லையை அந்த ஆளுகிட்ட காட்டத்தான் வேணுமா? புதன்கிழமை கோர்ட்டுல காட்டி அதிர்ச்சி குடுக்கலாமே."

"இது எங்க கேம்ப் வில்லைதான்னு அவன் வாயால சொல்லணும். நீ கேட்டுக்கணும். நாளைக்கு அவன் மாத்திப் பேச முடியாது. நான் யாரு? டோக்கன் சேக்கற கிறுக்கன். அதுல பொய்யும் இல்லையே."

அந்தத் திட்டத்தில் ஹனீஃபாவுக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. பிற்பாடு பல நாள் அதை அவன் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறான். திட்டத்தில் உண்மையிலேயே ஓட்டை இல்லை.

தகரக் கொட்டாய்க்குள் துரைக்கண்ணு வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். அவருக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஆணியடித்த பலகை. ஆட்கள் எல்லாரும் காட்டுக்குள் வெட்டப் போயிருந்ததால் ஆணிக்கு ஒன்றாக வில்லைகள் நிறையத் தொங்கின. பஞ்சாட்சரம் நிஜமாகவே வாயைப் பிளந்து நின்றார். மிட்டாய்க் கடையில் விட்ட மாதிரி அவர் கண் ஓடியதை ஹனீஃபா பார்த்தான். ஒவ்வொரு வில்லையிலும் எண் மஞ்சளாகத் தெரிந்தது. மங்களகரமாக இருக்கட்டும் என்று பூசியிருப்பார்கள் போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"டோக்கன் சேக்கறீங்களா?" துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஆளுங்க இதத் தொலைச்சிட்டு வந்து நிப்பானுங்கோ. பட்டணத்துல இதுக்கும் மவுசா?"

"பெரிய மவுசுங்க. எங்கிட்டகூட ஒண்ணு இருக்கு. உங்க கேம்ப்பான்னு பார்த்துச் சொல்லுங்க." பஞ்சாட்சரம் வில்லையைப் பெட்டியின் மேல் வைத்தார். எண் மேலே தெரியும்படி வைத்தார்.

துரைக்கண்ணுவின் தாடை பாதி வெற்றிலையோடு நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. மாட்டிக்கொண்டான் என்று ஹனீஃபாவின் மனசு துள்ளியது. வீரன் ஜெயில் வாசலைத் தாண்டி வெளியே வருவதைக்கூட அவன் அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டான்.

துரைக்கண்ணு வில்லையை எடுத்தார். கதவுப் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார். எண்ணின் பள்ளத்தில் நகத்தை விட்டு ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார்.

"எங்குளுதுதான் சார்," என்றார். கேட்காமலே சொன்னார். "எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன், எங்குளுதுதான். ஆனா மொட்டை வில்லையா கீதே."

"மொட்டைன்னா?"

"பலகையப் பாருங்கோ. இந்த வர்சம் மஞ்சள் அரக்கு. ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் பழைய அரக்கச் சொரண்டிட்டு, நம்பர் பள்ளத்துல புது அரக்கு ஊத்துவோம். வர்சத்துக்கு ஒரு கலரு. தொலைஞ்சு போன பழைய வில்லைய எவனாவது கொணாந்து ஏமாத்திட்டா? அதுக்குத்தான். முந்தா வர்சம் சிவப்பு, போன வர்சம் பச்சை." வாட்சர் செத்த வருஷம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. "இதுல ஒண்ணியுமே இல்ல. எந்த வர்சத்துதுன்னு சாமி வந்தாலும் சொல்ல முடியாது."

பஞ்சாட்சரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணா? ஆங், அந்த வீரன். சிவப்பு வர்சத்துல ஒண்ணு தொலைச்சிட்டேன்னு வந்து நின்னான். வேற அடிச்சுக் குட்த்தோம். தொலைச்ச அது இதா இருக்கும். எங்கியோ வூட்டுலயே கெடந்திருக்கும், பாவம்." துரைக்கண்ணு இப்போது தாராளமாகப் பேசினார்.

"தொலைச்சதை நீங்க கோர்ட்டுல சொல்லவே இல்லையே," என்றான் ஹனீஃபா.

"யாரும் கேக்கலியே பாய்." துரைக்கண்ணு வில்லையைத் துண்டில் துடைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் பஞ்சாட்சரத்திடம் நீட்டினார். கோர்ட், கேஸ் என்று யாரும் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஹனீஃபா வாய் தவறிச் சொன்னதற்கு அவர் ஆச்சரியப்படவும் இல்லை. "கண்ணாடியாட்டம் ஆக்கிட்டீங்க சார். எதுல தேச்சீங்க?"

பஞ்சாட்சரம் வில்லையை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"புளியில," என்றான் ஹனீஃபா.

"எங்க மலைப் புளிதானே? சந்தவாசல்ல வாங்கியிருப்பீங்க. அதுக்கு ஈடு கெடையாது," என்றார் துரைக்கண்ணு.

இருவரும் கூப்பை விட்டு வெகுதூரம் வந்தார்கள். மூங்கில் புதர் திருப்பத்தில் பஞ்சாட்சரம் ஒரு பாறையில் உட்கார்ந்தார். ஐம்பது வயசு ஆளுக்கு அந்த நேரத்தில் எழுபது வயசு இருக்கும்.

"சார், நீங்க வாங்கினப்போ அதுல..."

"பச்சையா இருந்தது."

ஹனீஃபாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"களிம்புன்னு நினைச்சேன்யா. பித்தளையில பச்சையாப் பிடிச்சிருந்தா யாரா இருந்தாலும் களிம்புன்னுதானே நினைப்பாங்க? எங்க வீட்டுல பித்தளையில கொஞ்சம் பச்சை தெரிஞ்சாலே எங்கம்மா அதுல குழம்பு வைக்க விடமாட்டாங்க. புளித்தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சேன். நம்பர் பள்ளத்துல கொஞ்சம் போகவே இல்லை. ஊசி எடுத்து உட்கார்ந்து நோண்டினேன். ஒரு துளி விடாம நோண்டினேன். நம்பர் என்ன சுத்தமா தெரியுதுன்னு உன்கிட்டகூடக் காட்டினேனே."

காட்டியது உண்மை. ஹனீஃபா அன்றைக்கு, உங்கள் பூட்ஸையும் ஒருநாள் இப்படிக் கவனியுங்கள் சார் என்று சொன்னதும் உண்மை.

"அந்தப் புளித்தண்ணி? அந்த ஊசி? அதுல அரக்கு ஒட்டியிருக்குமே சார்?"

"தண்ணியை வாசல் சாக்கடையில ஊத்தினேன், ஊசியையும் அங்கயே கழுவிட்டேன். அப்புறம் மழை வேற பெஞ்சுது."

"நீங்களே சாட்சி சொல்லலாமே சார். பச்சையா இருந்ததை நான் பார்த்தேன்னு."

"களிம்பும் பச்சைதானேம்பாங்க. அரக்குன்னு அப்ப தெரியுமான்னு கேட்பாங்க. தெரியாதுன்னுதான் சொல்லணும். களிம்பா இருக்கு, கொறச்சுக் குடுன்னு சேட்டுகிட்ட நானே பேரம் பேசியிருக்கேன்யா. அவனைக் கூண்டுல ஏத்தினா அதைத்தான் சொல்லுவான்." பஞ்சாட்சரம் உள்ளங்கையை விரித்தார். வில்லை வெயிலில் தகதகவென்று மின்னியது. "கோர்ட்டுல இருக்கிற பொய் வில்லையில பச்சை அரக்கு ஜம்முனு இருக்கும். அதைப் பார்ப்பாங்க, இதைப் பார்ப்பாங்க. எது நிஜம்னு ஜட்ஜுக்கு ஒரு சந்தேகமும் வராது."

ஹனீஃபாவுக்கு ஆத்திரம் வந்தது. இந்த மனுஷன்மேல் வந்தது, அவருடைய பொழுதுபோக்கின் மேல் வந்தது, தேய்க்காதே என்று உடைத்துச் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கிய சாயபுவின் மேலும் வந்தது. துரைக்கண்ணுவின் மேல் மட்டும் அந்த நேரத்தில் அவனுக்குக் கோபமே வரவில்லை, பொறாமைதான் வந்தது. எத்தனை நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்!

"பாஞ்சாலைகிட்ட இன்னா சொல்றது சார்? வக்கீல் பார்த்துப்பாருன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடலாமா?"

"ஒரு பொய் ஏற்கெனவே சொல்லிட்டேன்," என்று பஞ்சாட்சரம் எழுந்தார்.

பாஞ்சாலை பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நின்றிருந்தாள். அதற்குள் ஓட்டமாக வீட்டுக்குப் போய்வந்திருக்க வேண்டும். கையில் ஒரு துணிப்பை. புதன்கிழமை கோர்ட்டுக்கு அவளும் வருவதாக முடிவு செய்துவிட்டாள். பைக்குள் வீரனுடைய வேட்டி, சட்டை. ஜெயில் துணியோடு மலை ஏறி வந்தால் ஊர் பார்க்காதா என்று அவளே சொன்னாள். சட்டையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

பஞ்சாட்சரம் அவள் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அரக்கைச் சொன்னார், பச்சையைச் சொன்னார், புளியையும் ஊசியையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. சாலையில் ஒரு மாட்டு வண்டி வந்து, அவர்களைக் கடந்து, திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சொன்னார். ஹனீஃபா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஞ்சாலை முதலில் புரியாத மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டுவது நின்றது.

"பச்சையா மெழுகாட்டம் ஒண்ணு இருக்குமே, அத்தயா சார்?"

"ஆமா."

"அது வேணுமா கோர்ட்டுக்கு?"

"அது மட்டும்தான் வேணும்."

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள். "நான் சொம்புல போட்டிருக்கக் கூடாது," என்றாள். "இடுப்புலியே வெச்சிருந்தா செல்லியம்மா எடுத்திருக்க மாட்டா."

"உங்க மேல தப்பு இல்ல பாஞ்சாலை. செல்லியம்மாள் மேலயும் இல்ல. தப்பு முழுக்க என் மேல," என்றார் பஞ்சாட்சரம். பொய் க்ளெய்ம்காரர்கள் காலில் விழுந்து அழுதபோதுகூட அசையாத மனுஷனின் கண் கலங்கியிருந்தது.

"யார் மேல இருந்தா இன்னா சார்," என்றாள் அவள். "கவுறு அவுரு கழுத்துக்குத்தானே."

தூரத்தில் கீழே போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஹனீஃபா எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தைகளில் ஒன்றுகூட அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடியதாக இல்லை. மூடிக்கொண்டான்.

வக்கீலிடம் போய்ப் பேசுகிறேன், வேறு வழி தேடுகிறேன், சேட்டுவைக் கூட்டி வருகிறேன் என்று பஞ்சாட்சரம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாஞ்சாலை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார். பஞ்சாட்சரம் பையிலிருந்து வில்லையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது உங்க வீட்டுது. வச்சுக்குங்க."

அவள் அதை வாங்கவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. வீரனின் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். நாலைந்து எட்டு போனதும் நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நீங்களே வெச்சிக்குங்க சார். நீங்கதானே சேக்கறீங்க."